படத்தை நிறுத்துங்கள், கணக்கைக் காட்டுங்கள்

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் சபையில் 80 குடும்பம் இருக்கும். நான் பெண்கள் சங்கச் செயலாளர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு ஏழைகளுக்கு வேட்டி, சேலை, அரிசிப் பை கொடுக்கிறோம். போன தடவை ஒரு பாட்டி பை வாங்கும் படம் வாட்ஸ்அப் குரூப்பில் போய், பத்தாவது படிக்கிற அவர் பேத்தியின் பள்ளிக்கூடம் வரைக்கும் சுற்றிவிட்டது. பிள்ளை அழுததாம். இந்த வருஷம் டோக்கன் கொடுக்கப் போனபோது பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். படம் எடுக்க வேண்டாம் என்று கமிட்டியில் சொன்னேன். படம் போகாவிட்டால் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம் பிள்ளைகள் பணம் அனுப்ப மாட்டார்கள் என்கிறார் பொருளாளர். சபையாருக்கே இல்லாதபோது வெளியாருக்கு எதற்கு என்று சிலர். மதம் மாற்றத்தான் கொடுக்கிறார்கள் என்று ஊரில் சிலர். இதையே நிறுத்திவிடலாமா என்று எங்கள் சபைப் போதகர் ஐயரே சலித்துப்போய்க் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி,

கொடுப்பதை நிறுத்த வேண்டாம், படம் எடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பாட்டி மறுத்ததைச் சபைக்கு நேர்ந்த அவமரியாதையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மேடையில் என்ன நடக்கிறது என்று அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். மைக்கில் பெயரைக் கூப்பிடுகிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார், பையின் ஒரு காதை ஐயரும் இன்னொரு காதை நன்கொடை கொடுத்தவரும் பிடித்துக்கொள்கிறார்கள், 'பாட்டி, இங்க பாருங்க' என்று ஒரு தம்பி செல்போனை நீட்டுகிறான், முதல் படத்தில் கண் மூடிவிட்டது என்று மறுபடியும் நிற்கச் சொல்கிறான். காலமெல்லாம் நாற்று நட்டும் களை பறித்தும் பிள்ளைகளை ஆளாக்கிய ஒருவர், தனக்கு இல்லை என்பதை ஊர் முன்னால் சிரித்த முகத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'உன் வலது கை செய்கிறதை உன் இடது கை அறியாதிருக்கக்கடவது' என்ற வசனத்தைக் கொடுக்கிறவரின் பெருமையை அடக்கச் சொன்னதாகத்தான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். வாங்குகிறவரின் மானத்துக்கும் அதுதான் வேலி என்று நான் நம்புகிறேன்.

அதற்காகப் பொருளாளர் மேல் கோபப்பட வேண்டாம். பணம் அனுப்புகிற பிள்ளை, அது எங்கே போனது என்று கேட்பது நியாயம். ஆனால் படம் அதற்குப் பதில் சொல்வதில்லை. படத்தில் பாட்டி தெரிவார். எவ்வளவு வசூலானது, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் பிளக்ஸுக்கும் எவ்வளவு போனது, மிச்சம் யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது பவுல் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று பணத்தோடு கூட ஆட்களையும் சேர்த்து அனுப்புகிறார். நம் மண்ணிலேயே, தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இருக்கிறார். 1780களில் ஹைதர் அலி படையெடுப்பின்போது கோட்டைக்குள் பட்டினி. நெல் கொண்டுவர மாடு தரக் குடியானவர்கள் மறுத்துவிட்டார்கள், ஏற்கெனவே கூலி தராமல் ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகுதான் மாடுகள் வந்தன, அவரும் சொன்னபடி கொடுத்தார். உங்கள் பொருளாளருக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பக்கம்: வரவு, செலவு, இருப்பு, இரண்டு பேர் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசியுங்கள், அதையே சிங்கப்பூருக்கும் அனுப்புங்கள். 'மருத்துவச் செலவு, 4 குடும்பம்' என்று இருந்தால் போதும், பெயர் வேண்டாம். பில்லெல்லாம் ஃபைலில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வம்பாகிவிடும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளை தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு மத்திய அரசிடம் பதிவு வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று இருக்கிற கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். பொருளாளரின் சொந்தக் கணக்கில் வரவு வைப்பது கூடவே கூடாது.

இப்போது எதை, எந்த மாதத்தில் கொடுப்பது என்ற விஷயம். இதைத்தான் கமிட்டியில் அதிக நேரம் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி சாலையோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை, தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள், வேண்டியது என்ன என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். உங்கள் அரிசிப் பை வேண்டாத பொருள் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டின் கஷ்டம் இன்று அரிசியில் இல்லை. தை, மாசியில் அறுப்பு முடிந்து உளுந்து பயறும் எடுத்தாகிவிட்டால், சித்திரை வைகாசியில் கூலி வீடுகளில் காசு நடமாட்டமே இருக்காது. அறுப்பும் இப்போது மிஷினிடம் போய்விட்டது, கதிர் பொறுக்கிச் சேர்க்கிற நெல்லும் இல்லை. மேட்டூர் திறந்து குறுவை வேலை வருவதற்குள் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நோட்டு, பேக், செருப்பு, காலேஜ் ஃபீஸ், எல்லாம் அப்போதுதான் வந்து நிற்கும், வட்டிக்கு வாங்குவதும் அப்போதுதான். அப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழை: வேலை கிடையாது, கூரை ஒழுகும், தார்ப்பாய் வேண்டும். மார்கழிச் சேலை இந்த இரண்டு காலத்துக்கும் உதவாது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வைத்தியம் இலவசம், துணைக்கு இருக்கிறவரின் சாப்பாடும் பஸ் செலவும் யார் கொடுப்பது? டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, தஞ்சாவூர் பஸ்ஸில் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவருக்கு டயப்பர் வாங்கியே ஒரு வீடு நொடித்துப்போகிறது. இதையெல்லாம் டோக்கன் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது, வீட்டுக்குப் போக வேண்டும். கத்தோலிக்கர்களிடம் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதே, 1833இல் பாரிஸில் தொடங்கியது, அவர்கள் இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதையே முக்கிய வேலையாக வைத்திருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? அந்தப் பாட்டி வீட்டுக்கும் நீங்களும் இன்னொரு சகோதரியும் போங்கள், பையோ டோக்கனோ கொண்டுபோகாமல். படத்தைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டோம், இனி எடுக்க மாட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். பேத்தியிடமும் சொல்லுங்கள்.

காசே செலவில்லாத ஒரு உதவியும் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்; அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு. வருமானச் சான்று இல்லை, ஆதாரில் பெயர் தப்பு, போன் நம்பர் மாறிவிட்டது என்று இவை கிடைக்காமலே இருக்கிற வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. உங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மாதம் ஒரு சனிக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடவே இ-சேவை மையத்துக்கும் போய் வரட்டும். ஒரு பாட்டிக்கு உதவித்தொகை வந்துவிட்டால் வருஷத்துக்கு 14,400 ரூபாய், எந்த கிறிஸ்துமஸ் பையிலும் அவ்வளவு இருக்காது.

சபையாருக்கா, வெளியாருக்கா என்ற சண்டை புதிதில்லை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்து ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த ஏழு பேருமே கிரேக்கப் பெயர் உள்ளவர்கள்! குறை சொன்ன பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்களும் பட்டியலைக் கமிட்டி அறையிலேயே எழுதி முடிக்காதீர்கள். காலனித் தெருவிலிருந்து ஒருவர் அதில் உட்காரட்டும். அங்கன்வாடி டீச்சர், கிராம நர்ஸ், தலைமை ஆசிரியர் மூவரையும் கேளுங்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் மதம் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். சபையில் கஷ்டப்படுகிற குடும்பமும் அதே பட்டியலில் அதே அளவுகோலோடு வரட்டும். உதவியோடு துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள், ஜெபத்துக்கு வரச்சொல்லாதீர்கள். அப்புறமும் மதம் மாற்றத்தான் என்று சொல்கிறவர் இருப்பார், அவரையும் ஒரு தடவை கூடவே வந்து பார்க்கக் கூப்பிடுங்கள்.

கடைசியாகப் பணம். வெளிநாட்டுப் பிள்ளைகளையே நம்பியிருந்தால் பொருளாளரின் பயம் போகாது. பிடி அரிசி இன்னும் உங்கள் ஊரில் இருக்கிறதா? உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து அடுப்படி டப்பாவில் போட்டு, ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுவருகிற பழக்கம். நின்றுபோயிருந்தால் உங்கள் சங்கமே அதைத் திரும்பத் தொடங்கலாம், அரிசிக்குப் பதில் காசாக இருந்தாலும் சரி. 80 வீட்டில் வாரம் 20 ரூபாய் வைத்தால் மாதம் 6,400. அதோடு அறுப்பின் பண்டிகையில் சபையார் படைக்கிற பொருள்களை ஏலம் விட்டு வருகிற பணத்தில் ஒரு பங்கு, இந்த வருஷம் பந்தலுக்கும் பிளக்ஸுக்கும் ஒதுக்கிய தொகை. ஜூன் மாத நோட்டுக்கும் ஃபீஸுக்கும் இதுவே ஆரம்பத்துக்குக் கணிசமாக வரும். ஐயரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள், அடுத்த கமிட்டிக்கு முன்னாலேயே.