பழைய பிக்கப் வண்டியில் மாற்று சைடு மிரரை ஆடாமல் பொருத்துவது எப்படி?

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வண்டியோடு வந்த மிரர் போய்விட்டது, பொதுவாகக் கிடைக்கும் மாற்று மிரர் வாங்கிவிட்டீர்கள். கதவில் பழைய ஓட்டைகள் பெருத்திருக்கின்றன. ஸ்க்ரூ முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேகமெடுத்தால் பின்னால் வரும் வண்டி மிரரில் கலங்கித் தெரிகிறது. இன்னும் தடிமனான ஸ்க்ரூ போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பழைய வண்டிகளில் கைவைப்பது எனக்குப் பிடித்த வேலை. நான் பார்த்தவரை ஆடுகிற மிரர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்க்ரூ காரணமே இல்லை, அது பிடித்திருக்கும் தகடுதான் காரணம். கதவின் வெளித்தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் இருக்கும், சில வண்டிகளில் அதற்கும் குறைவு. எம்6 (6 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டின் மரைக்கும் மரைக்கும் இடைவெளியே 1 மில்லிமீட்டர். அப்படியென்றால் அந்தத் தகட்டில் ஒரே ஒரு மரைதான் கவ்வும். தகட்டு ஸ்க்ரூவின் மரை இன்னும் அகலம், அதற்கு இந்தப் பிடிப்பும் கிடையாது.

அதன் மேல் விழும் பாரத்தையும் பாருங்கள். 20 செ.மீ.க்கு 25 செ.மீ. அளவுள்ள மிரரை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று தள்ளும் விசை இரண்டரை முதல் மூன்று கிலோ எடைக்குச் சமம். வேகம் பாதியானால் அது கால்வாசியாகக் குறையும். மூன்று கிலோ பெரிதாகத் தெரியாது. ஆனால் மிரர் கதவிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்கிறது, அடிப்பகுதியின் போல்ட்டுகளோ 5 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன. நெம்புகோல் கணக்கில் முன்பக்க போல்ட்டை வெளியே பிடுங்கும் இழுப்பு பதினைந்து கிலோவை நெருங்கிவிடும். பள்ளம் மேட்டில் குலுங்குவதும், கதவை அறைந்து சாத்துவதும் தனி. ஓட்டை பெருக்காமல் என்ன செய்யும்?

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. ஒரு கையால் மிரரின் தலையைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மறு கையின் விரல்நுனியை அடிப்பகுதிக்குப் பக்கத்தில் கதவுத் தகட்டின் மேல் வையுங்கள். தகடு உள்வாங்கி உப்புவது விரலுக்கே தெரியும். தகடு அசையாமல் தலை மட்டும் ஆடினால் கோளாறு பந்து மூட்டில், அதாவது தலையைத் திருப்ப உதவும் உருண்டை இணைப்பில் இருக்கிறது. அங்குள்ள ஸ்பிரிங் நட்டை இறுக்கினாலே சரியாகலாம். அந்த மூட்டில் கிரீஸ் மட்டும் வைக்காதீர்கள், உராய்வுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

தகடு அசைந்தால் கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றத்தான் வேண்டும். அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் எடுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மிரர் உட்காரும் இடத்தில் கம்பெனியே ஒரு தடித்த தகடோ, வெல்டு வைத்த நட்டோ கொடுத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மரை வெட்டும் டேப் (tap) கருவியை விட்டு மரையைச் சுத்தம் செய்து அதையே பயன்படுத்துங்கள். அந்த இடம் துருவேறி, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினாலே உள்ளே போகிறது என்றால் எந்த போல்ட்டும் நிற்காது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு வைத்த பிறகுதான் மிரர். ஓட்டையிலிருந்து விரிசல் ஓடியிருந்தால், அது முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள், மேற்கொண்டு ஓடாது.

தகடு நல்ல நிலையில் இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்: 2 அல்லது 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், மிரரின் அடிப்பகுதியைவிடச் சுற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. பெரிதாக ஒரு துண்டு வெட்டி, கதவின் வளைவுக்கு ஏற்ப லேசாகத் தட்டி வளைத்து, பெயின்ட் அடித்து, கதவுத் தகட்டின் உட்பக்கம் வையுங்கள். போல்ட் வெளியிலிருந்து இரண்டு தகடுகளையும் துளைத்துப் போய் உள்ளே அகல வாஷரும் நைலாக் நட்டும் (நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்) பிடிக்க வேண்டும். இப்போது இழுப்பு ஓட்டையின் விளிம்பில் விழாமல் அந்தத் துண்டு முழுவதும் பரவிவிடும். இந்த ஒரு வேலையைச் செய்தால் மற்றதில் சின்னக் குறை இருந்தாலும் மிரர் நிற்கும்.

கை நுழையாத இடமா? தகட்டுத் துண்டிலேயே நட்டுகளை வெல்டு வைத்து, கம்பி கட்டி ஜன்னல் இடுக்கு வழியாக இறக்கி, ஓட்டைக்கு நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து போல்ட்டை முடுக்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் பலன் உறுதி. ரிவெட் நட், அதாவது வெளியிலிருந்தே ஓட்டைக்குள் நசுக்கிப் பொருத்தும் நட் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். எம்6 என்றால் வழக்கமாக 9 மில்லிமீட்டர் ஓட்டை கேட்கும். நல்ல மரை கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் தகடு உப்புவதை அது நிறுத்தாது. சின்ன மிரருக்கு மட்டும் அது போதும்.

புது ஓட்டை போடுவதானால் அவசரப்படாதீர்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள், இன்னொருவர் வெளியே மிரரைப் பிடித்து நகர்த்தட்டும். பார்வை சரியாக விழும் இடத்தைக் குறித்த பிறகு கதவை முழுக்கத் திறந்து, மிரர் முன்பக்க மட்கார்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். முக்கோண ஜன்னல் உள்ள வண்டியாக இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். துளை பிட் வழுக்காமல் இருக்க சென்டர் பஞ்சால் ஒரு சின்னக் குழி அடித்து, 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் பெரிதாக்குங்கள். படிப்படியாகப் பெருக்கும் ஸ்டெப் பிட் இருந்தால் மெல்லிய தகட்டில் ஓட்டை வட்டமாக வரும். பிசிறை அரத்தால் தேய்த்து, விளிம்பில் பிரைமரும் பெயின்ட்டும் தொட்டு வையுங்கள். கதவுக்குள் விழுந்த இரும்புத் தூளைக் காந்தத்தால் எடுத்துவிடுங்கள். அது கதவின் அடியில் தங்கித் துருப்பிடிக்கும், தண்ணீர் வடியும் துளைகளையும் அடைக்கும்.

பலர் மறப்பது ஜன்னல் கண்ணாடியை. போல்ட்டின் வால் அதன் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடி கீறும், உடையவும் செய்யும். அட்டையை மூடும் முன் கண்ணாடியை மெதுவாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் இடைவெளியைப் பாருங்கள். பல வண்டிகளில் அது வளைவாகத்தான் இறங்கும், ஒரு இடத்தில் பார்த்தது போதாது. போல்ட் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள்.

மிரருக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் கட்டாயம். போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தகட்டில் குழி விழ ஆரம்பித்தால் இறுக்கியது அதிகம். நைலாக் நட் போட முடியாத இடத்தில் மரையில் நடுத்தர வலிமையுள்ள, பிறகு கழற்றக்கூடிய லாக் திரவம் ஒரு துளி விடுங்கள்.

இவ்வளவும் செய்து அடிப்பகுதி அசையாமல், பிம்பம் மட்டும் நடுங்கினால் மிரரைத் தாங்கும் கம்பி, அதாவது அதன் கை, நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். மிரரின் கீழ்ப்பகுதியிலிருந்து கதவுக்கு இன்னொரு தாங்குகம்பி கொடுத்து முக்கோணமாக்குங்கள். பெரிய மிரர்கள் மேலும் கீழும் இரண்டு கைகளோடு வருவது இதற்காகத்தான்.

இருபக்க டேப், காந்த அடி இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். ஓடும் வண்டியிலிருந்து கழன்ற மிரர் பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் விழும்.

கடைசியாக, இறுக்கிய பிறகு வெளியே தெரியும் போல்ட் தலையிலிருந்து அடிப்பகுதி வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கேஸ்கெட் அழுந்தி உட்கார ஒன்றிரண்டு வாரம் ஆகும். அப்புறம் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு அந்தக் கோடு முறிந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, உடனே இறுக்குங்கள்.