குழந்தை ஸ்வெட்டர்: பின்னியாச்சு, அப்புறம்? கேள்வி பதில்

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் பின்னிவிட்டேன். ஓரம் சுருண்டுகொண்டே இருக்கிறது. இப்படியே தைத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வெறும் நேர்ப்பின்னல் சுருளத்தான் செய்யும், உங்கள் கைத்தவறு இல்லை. முதலில் நனைத்து அளவு பிடியுங்கள். ஆட்டுக் கம்பளி நூல் என்றால் பக்கெட்டில் சாதாரணத் தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு, இருபது நிமிடம் ஊறினால் போதும். கசக்கவோ முறுக்கவோ கூடாது. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி இறுகிச் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, துண்டில் சுருட்டி அழுத்துங்கள். பிறகு வேறொரு காய்ந்த துண்டில் பரப்பி, டேப்பால் அளந்து, ஓரத்தில் குண்டூசி குத்துங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும்; நம் உப்புக்காற்றில் சாதா குண்டூசி ஈர நூலில் கறை வைத்துவிடும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேனுக்கு அடியில் போட்டாலும் காய நாளாகும், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

அக்ரிலிக் என்றால் நனைத்தால் மட்டும் அவ்வளவாகப் படியாது. அயர்ன் பாக்ஸைத் தொடாமல், மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். சூடு நேரே பட்டால் துணி தொய்ந்து பளபளக்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து: எல்லாம் தைத்துவிட்டேன், ஆனால் பாப்பா தலை கழுத்தில் நுழையவில்லை!

அதிகம் வருகிற கேள்வி இதுதான். சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. ஒரு வயதில் தலைச்சுற்று சுமார் 46 செ.மீ., இரண்டு வயதில் 48. கழுத்தை இழுத்துப் பிடித்தால் 50க்கு மேல் விரிய வேண்டும். பின்னலைப் பிரிக்க வேண்டாம், கடைசியில் கண்ணி மூடிய வரிசையை (கண்ணிகள் அவிழாமல் ஊசியிலிருந்து இறக்கி முடித்த வரிசை) மட்டும் பிரியுங்கள். 10ஆம் நம்பர் ஊசியில் பின்னியிருந்தால், மூடுவதற்கு மட்டும் 8ஆம் நம்பர் எடுங்கள். (நம் கடை ஊசிகளில் நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும்.) அப்படியும் நுழையாவிட்டால் இடது தோள் தையலைத் திறந்து இரண்டு பட்டன் வையுங்கள். அழுகிற குழந்தைக்கு மாட்டிவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

வில்லியனூரிலிருந்து: பக்கத் தையல் கயிறு மாதிரி தடித்து நிற்கிறது. மெஷினில் அடிக்கலாமா?

மெஷின் வேண்டாம், அந்தத் தையல் பின்னலோடு சேர்ந்து இழுபடாது. நல்லபக்கம் மேலே தெரிய இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே நூலை முனை மழுங்கிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல் தெரியும். இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி என்று மாறி மாறி எடுத்து, நாலைந்து வரிசைக்கு ஒருமுறை மெல்ல இழுங்கள். தையல் உள்ளே மறைந்துவிடும். முதலில் தோள், அப்புறம் கையை உடம்போடு சேர்ப்பது, கடைசியில் கீழ்விளிம்பிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே ஓட்டம்.

அரியாங்குப்பத்திலிருந்து: மிச்ச நூல் முனைகளை முடிச்சுப் போட்டு வெட்டிவிடலாமா?

முடிச்சு குழந்தையின் தோலில் உறுத்தும். 15 செ.மீ. விட்டு, தையல் ஓரமாகவே கோத்துப் போய், கொஞ்சம் எதிர்த்திசையிலும் திரும்பி வந்து, ஒருமுறை துவைத்த பிறகு வெட்டுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி பாரீஸில் இருக்கிறாள், எட்டு மாதம். கழுத்தில் நாடாவும் குஞ்சமும் வைத்து அனுப்பட்டுமா? அதுவரை பீரோவில் அந்துருண்டை போடலாமா?

இரண்டும் வேண்டாம் அம்மா. கழுத்து நாடா இறுக்கிவிடும், குஞ்சத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். பட்டன் வைத்தால் உள்பக்கம் இன்னொரு சின்னத் தட்டைப் பட்டன் கொடுத்துச் சேர்த்துத் தையுங்கள், பலமாக இழுத்துப் பாருங்கள். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. நன்றாகக் காயவைத்து, பருத்திப் பையில், காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். பார்சலில் மிச்ச நூல் கொஞ்சமும் நூல்கண்டின் லேபிளும் சேர்த்து அனுப்புங்கள், அங்கே கிழிந்தால் தைக்கவும் துவைக்கவும் உதவும்.