கோடு நீண்டால் கோணம் பெரிதாகுமா?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், கோடு நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?
– வாசகி ஒருவர், கரூர்

பதில்: என் வகுப்பிலும் வருடா வருடம் பிள்ளைகள் இதையேதான் சொல்வார்கள், அம்மா. பாகைமானி இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். அறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் திறந்தால் குறுங்கோணம், நிலைக்கு நேர் குத்தாக நின்றால் செங்கோணம், அதையும் தாண்டினால் விரிகோணம். அப்புறம் அலமாரிக் கதவையும் அதே அளவு திறக்கட்டும். கதவுதான் சின்னது, திரும்பிய அளவு ஒன்றே. அந்தத் திரும்பலைத்தான் கோணம் என்கிறோம்.

ஓரம் கிழிந்த காகிதமானாலும் சரி, ஒருமுறை மடித்து, மடிப்பு தன்மேலேயே படியும்படி மறுமுறை மடித்தால் மூலை 90 பாகை. அதை வைத்து வீடு முழுக்கச் செங்கோணம் தேடலாம்.

பலகோணத்துக்கு ஈர்க்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும். ஒரே நீளமுள்ள நான்கு குச்சிகளைக் கோத்துச் சதுரம் செய்து லேசாகத் தள்ளுங்கள், சாய்சதுரமாகிவிடும். பக்கம் மாறவில்லை, கோணம் மாறிவிட்டது! முக்கோணமோ அசையவே அசையாது. அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சதுரத்தில் மூலைக்கு மூலை ஒரு குச்சி கட்டினால் அதுவும் நின்றுவிடும். இதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.