பகலெல்லாம் டயட், ராத்திரியானால் மிக்சர் டப்பா: மனக்கட்டுப்பாட்டை வளர்ப்பது எப்படி?

கேள்வி: எடை குறைக்க டயட்டில் இருக்கிறேன். பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவு 9 மணிக்கு மேல் மிக்சர், முறுக்கு, பிஸ்கட் என்று கையில் சிக்கியதை எல்லாம் தின்றுவிட்டு, படுக்கும்போது என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. மனக்கட்டுப்பாட்டை எப்படி வளர்த்துக்கொள்வது?

பதில்:

பகலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஊகித்துச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். காலையில் இரண்டு இட்லியோடு கையைக் கழுவியிருப்பீர்கள். 11 மணிக்கு ஒரு டீ. மதியம் கொஞ்சூண்டு சோறு, ரசம், ஒரு கரண்டி பொரியல். சாயங்காலம் இன்னொரு டீ, "பிஸ்கட்டைக்கூடத் தொடலை" என்ற பெருமையோடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிராம் இட்லி ஒன்று சுமார் 60 கலோரி, இரண்டும் 120. பாலும் சர்க்கரையும் போட்ட இரண்டு டீ 150. சோறு 150 கிராம் என்றால் 200. ரசமும் பொரியலும் சேர்த்து ஒரு 80. ஆக, மாலை 6 மணி வரை 550 கலோரி. 75 கிலோ எடையோடு உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 வேண்டும். புரதக் கணக்கு இதைவிட மோசம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு 62 கிராம் வேண்டிய இடத்தில், மேலே உள்ள பட்டியலில் 15 தேறினாலே அதிகம்.

9 மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடி உங்களைக் கிளப்பிவிடுவது இந்தப் பாக்கிதான். இதற்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று பெயர் வைத்துத் திட்டிக்கொள்வதில் பயன் இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரு சாக்கு" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். அவருக்காக ஒன்று. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஏறக்குறைய அரைவயிற்றில் 24 வாரம் வைத்துப் பார்த்தார். அத்தனை பேரும் உலகப்போர் நடக்கும்போது, ஊர் முழுக்க ஏசியும், ஆயுதம் தொட மாட்டோம் என்று நின்றவர்கள். மனஉறுதிக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. அவர்களே தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், பேச்செல்லாம் சாப்பாட்டுப் பேச்சாகவே இருந்தது. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றான பிறகும், வயிறு நிறைந்த உணர்வே சிலருக்கு வரவில்லை. பசித்த உடம்பு அப்படித்தான்.

அதனால் முதல் வேலை இரவில் இல்லை, காலையில். மூன்று இட்லி, கெட்டியாகப் பருப்பு போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் இட்லிக்குப் பதில் பெசரட்டு, அடை. மதியம் சோறு அதே 150 கிராம் இருக்கட்டும். கூட்டோ பருப்போ ஒரு முழுக் கிண்ணம், ஒரு டம்ளர் தயிர். சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தை எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டும். ரசம் நிரப்பாது.

அடுத்தது மாலை 5:30. என்னைக் கேட்டால் இந்த ஒரு வேளைதான் இரவைத் தீர்மானிக்கிறது. 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு குக்கரில் நாலைந்து விசில். ஊறினால் இரட்டிப்பாகிவிடும். புரதம் 10 கிராம் வரும், சுமார் 180 கலோரி. தாளிக்க அரை டீஸ்பூன் எண்ணெய் போதும். இங்கேதான் கெடுகிறது: எண்ணெயை டின்னிலிருந்து நேராக வாணலியில் சாய்ப்பார்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. கண்மதிப்பில் ஊற்றினால் இரண்டு டேபிள்ஸ்பூன் விழும், சுண்டலைவிட எண்ணெய் பெரிதாகிவிடும். ஸ்பூனை அஞ்சறைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். கடலை வாயு என்பவர்கள் பச்சைப்பயறில் ஆரம்பிக்கலாம், அது சீக்கிரமும் வெந்துவிடும்.

இரவு தோசை என்றால் அதற்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தோசை மாதிரி கணக்குத் தப்பும் பலகாரம் வேறு இல்லை. கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது, முறுகலாக, சுடச்சுட, ஒவ்வொன்றாக. நாலாவதைப் பிய்க்கும்போது அது நாலாவதா மூன்றாவதா என்றே தெரியாது. "இன்னொண்ணு போடவா?" என்று குரல் வரும்போது கல் காய்ந்து தயாராக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. செய்ய வேண்டியது: இரண்டோ மூன்றோ, முன்கூட்டியே முடிவு செய்த எண்ணிக்கையை ஊற்றி அடுக்கி வைத்து, மாவுப் பாத்திரத்தை ஃபிரிஜ்ஜில் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். முறுகல் கொஞ்சம் போய்விடும். போகட்டும். உங்களுக்கு வேறு யாராவது தோசை வார்த்துப் போடுகிறார்கள் என்றால், எண்ணிக்கையைக் கல் காயும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி டப்பா. மிக்சர் 100 கிராம் 500 கலோரிக்கு மேல். ஒரு கைப்பிடி 30 கிராம் என்றால் 150. டிவி முன்னால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டால் ஐந்து கைப்பிடி போவது தெரியாது. ஒரு மதியச் சாப்பாட்டைவிட அதிகம். சாப்பாட்டு மேஜை மேல் இருக்கும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஜாடியை முதலில் ஒழியுங்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் பரணில் வையுங்கள். எடுத்தாக வேண்டுமென்றால் எடுங்கள், தடையில்லை. சின்னக் கிண்ணத்தில் கொட்டி, சம்படத்தை மூடி, பரணில் திரும்ப வைத்துவிட்டு, ஸ்டூலையும் எடுத்த இடத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இந்த வரிசை முக்கியம். மூடாமல் உட்கார்ந்தால் இரண்டாவது கிண்ணம் நிச்சயம்.

ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் சின்னக் குழந்தைகளின் முன்னால் மிட்டாயை வைத்துக் காத்திருக்கச் சொன்ன சோதனை பலருக்குத் தெரியும். அதில் பலர் சொல்லாமல் விடுவது இது: மிட்டாயை மூடி வைத்தபோது குழந்தைகள் அதிக நேரம் பொறுத்தார்கள். பொறுத்தவர்கள் அதையே வெறித்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவில்லை. திரும்பிக்கொண்டார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள். ("அந்தச் சோதனையே பொய்யாமே?" என்பவர்களுக்கு: அப்படிப் பொறுத்த குழந்தை பிற்காலத்தில் பெரிய ஆளாகும் என்ற பகுதிதான் 2018-ல் மறுபடி செய்து பார்த்தபோது வலுவிழந்தது.) அதேபோல "சின்னத் தட்டில் சாப்பிடுங்கள்" என்ற அறிவுரையை நான் தருவதில்லை. அதைப் பரப்பிய கார்னெல் பேராசிரியர் பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் 2018 வாக்கில் வரிசையாகத் திரும்பப் பெறப்பட்டன. தட்டு சின்னதானால் இரண்டாம் முறை போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நொறுக்குத்தீனி வாங்காமல் இருக்க முடியாது. கால் கிலோவாக வாங்குங்கள், கிலோவாக வேண்டாம். உங்களுக்கு உயிரான வகையைத் தவிர்த்து வேறொன்றை வாங்குங்கள். ரிப்பன் பக்கோடாவுக்கு மயங்குபவர் வீட்டில் கடலைமிட்டாய் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிஸ்கட் என்றீர்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். "டைஜஸ்டிவ்", "மல்டிகிரெய்ன்" என்று கோதுமைக் கதிர் படம் போட்ட பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. பலவற்றில் முதலில் நிற்பது மைதாவாக இருக்கும். கலோரி 100 கிராமுக்கு 480 போல வரும், சாதாரண பிஸ்கட்டுக்குப் பக்கத்தில்தான். இதை எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் போடுகிறார்கள். சட்டமே ஆங்கிலம் அல்லது இந்தி இருந்தால் போதும் என்கிறது. மாநில மொழி கூடுதலாகப் போட விரும்பினால் போடலாமாம். விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் டிவியில் வரும். சர்க்கரை வியாதிக்காரப் பாட்டி "கோதுமை பிஸ்கட்டுப்பா" என்று நாலு தின்பதற்கு அவர் மனக்கட்டுப்பாடா காரணம்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்பதரைக்குக் கை பரபரக்கும். அப்போது ஒரே கேள்வி: இப்போது யாராவது மோர்சாதம் பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் அது பசி. ஒரு கிண்ணம் பிசைந்து, உட்கார்ந்து, குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடுங்கள். "ஐயே, மோர்சாதமா, மிக்சர்தான் வேணும்" என்றால் அது ஆசை. ஆசை பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடத்தில் தானே தணியும். அதுவரை 50 மில்லி தயிரில் 200 மில்லி தண்ணீர் விட்டு, பெருங்காயமும் உப்பும் போட்ட நீர்மோர், 30 கலோரிதான். அதன்பின் பல் தேய்த்துவிடுங்கள், பேஸ்ட் ருசியோடு முறுக்கு இறங்காது. "இனிமேல் கட்டுப்பாடாக இருப்பேன்" என்ற தீர்மானம் வேலைக்காகாது. "சீரியல் முடிந்ததும் சமையலறை லைட்டை அணைப்பேன்" என்று நேரமும் செயலும் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள். தூக்கமும் இதில் சேர்த்தி. வெறும் 4 மணி நேரம் தூங்கிய இரண்டே இரவில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28% ஏறி, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18% இறங்கியதை 2004-ல் சிகாகோவில் அளந்து காட்டினார்கள்.

ஒருநாள் தவறிவிடும். அப்போது "போச்சு, இன்னைக்கு டயட் கெட்டுது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மீதி டப்பாவையும் காலி செய்வதுதான் நிஜமான சேதம். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி. தேவைக்கு மேல் 500 கலோரி தின்றாலும் 65 கிராம்தான் ஏறும். மறுநாள் காலை எடை மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டுமே என்றால், அதில் பெரும்பகுதி உப்புக்காக உடம்பில் நின்ற தண்ணீர், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து காலை இட்லியை விட்டீர்களானால், அன்றிரவு மறுபடி பரண்தான்.

"எங்க தாத்தா மூணு வேளையும் சோறு தின்னு தொண்ணூறு வயசு இருந்தார்" என்று எழுத வருபவர்களுக்கு: தாத்தா ஏர் ஓட்டினார். இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டாம், சர்க்கரை திடீரென இறங்கும். வயிறு வலிக்கும் வரை, யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் தின்பது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன பரணும் ஸ்டூலும் அதற்குப் போதாது.

மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் வாரம் 5:30 சுண்டலும் டப்பா இடமாற்றமும் போதும். மூன்றாம் நாளே கடலை ஊறப்போட மறந்துபோவீர்கள். அதற்காகப் பொட்டுக்கடலை அரைக்கிலோ வாங்கி வையுங்கள். 40 கிராம் எடுத்தால் 150 கலோரி, 9 கிராம் புரதம், அடுப்பே வேண்டாம். அதையும் கிண்ணத்தில் கொட்டித்தான் சாப்பிட வேண்டும்.