போக்கரில் கடைசி இடத்தில் உட்கார்ந்தால் மோசமான சீட்டையும் ஆடலாமா?

நீங்கள் கேட்பதைப் பார்த்தால், பட்டனில் (கடைசியாகப் பேசும் இடம்) உட்கார்ந்து ரெண்டு மூன்று தடவை குப்பைச் சீட்டை வைத்தே பிளைண்டை (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அள்ளியிருக்கிறீர்கள், இப்போது கை அரிக்கிறது என்று தெரிகிறது. எனக்கும் அரித்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடலாம். ஆனால் அங்கே உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பது சீட்டு இல்லை, எதிராளி சீட்டைக் கீழே போட்டு விலகுவதுதான் (ஃபோல்ட்). பிளைண்ட் 10, 20 என்றால் நடுவில் சேர்ந்திருப்பது 30. அதை எடுக்கப் பந்தயத்தை 50க்கு உயர்த்துகிறீர்கள் (ரெய்ஸ்). சீட்டை மறந்துவிட்டுப் பார்த்தால், 8 தடவையில் 5 தடவை பிளைண்ட் வைத்த இரண்டு பேரும் ஃபோல்ட் செய்தால்தான் கைக்கு நஷ்டம் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். ஆறு பேர் மேஜை, வெறும் சிப்தான், பணம் கிடையாது (சூதாட்டம் என்று திட்ட வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்). தொடர்ந்து இரண்டு சுற்று பட்டனில் ரெய்ஸ் செய்து பிளைண்டை எடுத்திருந்தேன். மூன்றாவது சுற்றில் வந்தது ராஜாவும் 5உம், வேறு வேறு ஜாதி (ஒன்று ஹார்ட், ஒன்று ஸ்பேட் மாதிரி). அதே 50. ஸ்மால் பிளைண்ட் (10 வைத்தவர்) சீட்டைப் போட்டுவிட்டார். பிக் பிளைண்டில் (20 வைக்கும் இடம்) இருந்த நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கால் செய்தான், அதாவது என் பந்தயத்துக்குச் சமமாக வைத்தான். அந்தப் பார்வையிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

ஃப்ளாப்பில் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) ராஜா, 9, 4. அவன் செக், பந்தயம் வைக்காமல் என்னிடம் விட்டான். நான் 60, அவன் கால். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) 2. செக், 150, கால். ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) 7. செக். நான் 300 வைத்தேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. ராஜா, ஜாக் என்று திருப்பிக் காட்டினான். ராஜா ஜோடி ரெண்டு பேருக்கும்தான், ஆனால் துணைச் சீட்டில் அவன் ஜாக் என் 5ஐ அடித்துவிட்டது. ஒரே கையில் 560 போச்சு. கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்ததால் அவன் செய்வதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் பந்தயம் வைத்தேன். பார்த்து என்ன பயன்? டர்னிலேயே நானும் செக் செய்து நிறுத்தியிருக்கலாம்.

அதற்கப்புறம் ராஜா-5 மாதிரி கையைவிட ஒரே ஜாதி 7-6 எனக்குப் பரவாயில்லை. ஜோடி விழுந்தாலும் அது சின்னது, எதிரே பெரிய பந்தயம் வந்தால் மனசாட்சி உறுத்தாமல் சீட்டைப் போட்டுவிடலாம். ராஜா ஜோடி விழுந்தால் விட மனசு வராது. ஒரே ஜாதி என்பதற்காகவும் ரொம்பக் குஷியாக வேண்டாம், ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே ஜாதி) முழுசாக விழுவது 100 தடவையில் ஒரு தடவைகூடக் கிடையாது. "பட்டனில் கிட்டத்தட்ட பாதிக் கையை ஆடணும், போக்கர் கணக்குப் போடுற சாஃப்ட்வேரே சொல்லுது" என்று ஒருத்தர் கமெண்டில் வருவார். சரிதான் சார், அந்த சாஃப்ட்வேர் ரிவரில் 300 வைக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஸ்மால் பிளைண்ட் ஆசாமி, ஃப்ளாப் விழுந்ததும் "அய்யோ, 9-4ஐப் போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கை நடக்கிறது, இன்னும் இரண்டு பேர் ஆடுகிறோம்! சரி, ஒரு 9உம் ஒரு 4உம் போய்விட்டது, எதிரே இரண்டு ஜோடி இருக்க வாய்ப்புக் குறைவு என்று அதை நம்பித்தான் நான் டர்னில் 150ஐத் தூக்கி வைத்தேன். போட்ட சீட்டைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும், "நான்தான் ஆட்டத்திலேயே இல்லையே" என்பார்.