அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டும்: வெளிநாடுகளுக்கு அரசு மருத்துவ உதவி, கேள்வி பதில்

நான் மருந்தாளுநர். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு நிவாரணக் கிடங்கில் வேலை பார்த்தேன். உதவியை வாங்கும் பக்கம் நின்று பார்த்த அந்த நாட்களிலிருந்து, ஒரு அரசு இன்னொரு நாட்டுக்கு மருந்தும் மருத்துவர்களும் அனுப்புவது எப்படி நடக்கிறது என்று விடாமல் கவனித்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

மதுரையிலிருந்து ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்: வெளிநாட்டில் நிலநடுக்கம் என்றால், மருத்துவ உதவி அனுப்ப முடிவு செய்வது சுகாதார அமைச்சகமா, சார்?

வெளியுறவு அமைச்சகம்தான் முன்னால் நிற்கும். பாதிக்கப்பட்ட நாடு கேட்க வேண்டும், அல்லது நாம் தருகிறோம் என்றதற்குச் சரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விமானம் இறங்கவே அனுமதி கிடைக்காது. என்ன தேவை என்று அங்குள்ள நம் தூதரகம் விசாரித்துச் சொல்லும். மருந்துக்குச் சுகாதார அமைச்சகம், ராணுவ மருத்துவர்களுக்கும் விமானத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகம் என்று வேலை பிரியும்.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலம் அதிர்ந்தபோது, ஆக்ராவில் இருக்கும், ராணுவத்தின் பாராசூட் படையைச் சேர்ந்த ‘60 பாரா’ கள மருத்துவமனையிலிருந்து 99 பேர் கிளம்பி, இஸ்கெண்டெருன் நகரில் 30 படுக்கையோடு மருத்துவமனை போட்டார்கள். சுமார் 3,600 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். எக்ஸ்ரே, வென்டிலேட்டர், அறுவை சிகிச்சைக் கருவிகள் எல்லாம் கையோடு போயின. இப்படி உடனே கிளம்ப வேண்டுமென்றால் பெட்டி எப்போதும் கட்டித் தயாராக இருக்க வேண்டும்.

சேலம் நர்சிங் மாணவி: மருந்து எவ்வளவு அனுப்பினாலும் நல்லதுதானே? அதிகமாகப் போனால் என்ன நஷ்டம்?

நஷ்டம் நிறைய, தங்கச்சி. ஆப்பிரிக்காவில் எரித்திரியாவின் விடுதலைப் போர்க் காலத்தில் ஏழு லாரி ஆஸ்பிரின் வந்தது, எல்லாம் காலாவதியானது. எரித்து முடிக்கவே ஆறு மாதம் ஆயிற்று. சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சுமார் 4,000 டன் மருந்து குவிந்தது. பெரும்பகுதியின் லேபிள் அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது.

நாகையில் நானே பிரித்த ஒரு அட்டைப் பெட்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே பாதி தின்ற மாத்திரை அட்டைகள், தேதி இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் ஒரு இருமல் மருந்து பாட்டில் உடைந்து எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அடியில் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் சில டப்பாக்கள். இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிரிப்பதிலேயே மூன்று பேருக்கு ஒரு பகல் போயிற்று. வெளியே காயத்துக்குக் கட்டுப்போட ஆள் இல்லாமல் வரிசை நின்றது.

எரித்திரியா போன்ற அனுபவங்களால்தான், சுனாமிக்கு முன்பே 1996-இல், உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு விதி வகுத்தது. பெறும் நாடு கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். அங்குள்ள மருத்துவர்களுக்குப் புரியும் மொழியில், மருந்தின் பொதுப்பெயரோடு (கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது) லேபிள் இருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தும் மருத்துவர்களுக்கு வந்த சாம்பிளும் கூடவே கூடாது.

திருச்சி மருத்துவர்: நானே டிக்கெட் போட்டுக் கிளம்பலாமா?

வேண்டாம். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது அப்படிப் போய் இறங்கிய குழுக்களில் பலருக்குத் தங்க இடமோ தண்ணீரோ இல்லை, தரமும் குறைவு. அதன் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களைத் திறனுக்கேற்ப வகை பிரித்தது. இரண்டாம் வகைக் குழு என்றால் ஒரு நாளில் ஏழு பெரிய அறுவை சிகிச்சையாவது செய்ய முடிய வேண்டும், 20 படுக்கை வேண்டும். பதிவு செய்த குழு ஒன்றில் இப்போதே சேர்ந்து பயிற்சி எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: எங்கட 1990 அம்புலன்ஸ் இந்தியா தந்ததுதானே, ஐயா? அதுவும் இந்தக் கணக்கில வருமா?

வரும். 1990 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் இலங்கையின் ஆம்புலன்ஸ் சேவை அது. என்னைக் கேட்டால், இந்த உதவிகளிலேயே மிக நன்றாகத் திட்டமிட்டது அதுதான். 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கினார்கள். அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, 2018 ஜூலையில் உங்கள் ஊரில் வைத்து அடுத்த கட்டத்தைத் தொடங்கினார்கள். மொத்தம் 297 வண்டிகள். வண்டியோடு ஆளும் வேண்டுமல்லவா? இலங்கைப் பணியாளர்களுக்கு ஹைதராபாத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் இலங்கை அரசே தனிச் சட்டம் போட்டுச் சேவையை ஏற்றுக்கொண்டது. கொடுத்தவர் விலகிய பிறகும் வண்டி ஓடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கோவை வாசகர்: 2021-இல் இங்கே தட்டுப்பாடு இருந்தபோது கொரோனா தடுப்பூசியை வெளியே அனுப்பியது தப்பில்லையா?

அனுப்பியது தப்பில்லை, அடுத்த தவணைக்கு வழி வைக்காததுதான் தப்பு என்பது என் கருத்து. பூட்டானைப் பாருங்கள். 2021 ஜனவரி 20 அன்று முதல் 1.5 லட்சம் டோஸ் போனது. அவர்கள் அவசரப்படவில்லை. மார்ச்சில் இன்னும் 4 லட்சம் வந்த பிறகு, 27-ஆம் தேதி தொடங்கி இரண்டு வாரத்துக்குள் தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட்டு முடித்தார்கள். அடுத்து இங்கே இரண்டாம் அலை, ஏற்றுமதி நின்றது. இரண்டாம் டோஸுக்குப் பூட்டான் அலைய வேண்டியதாயிற்று. ஜூலையில் அமெரிக்காவின் மாடர்னாவும் டென்மார்க்கின் அஸ்ட்ராஜெனகாவும் வந்துதான் தீர்ந்தது. ஒருவருக்கு ஒரு டோஸ் கொடுத்தால் அவருக்கான இரண்டாவதை அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும், அல்லது வேறு யார் தருவார் என்று அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும்.

வேலூர் ஆசிரியர்: கொரியப் போருக்குப் போன ராணுவ மருத்துவர் தமிழராமே?

ஆமாம், லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். கொரியாவுக்கு இந்தியா போரிடப் படை அனுப்பவில்லை. 1950-இல் அவர் தலைமையில் 60 பாரா மருத்துவப் பிரிவை அனுப்பியது. துருக்கிக்குப் போனதும் அதே பிரிவின் வழிவந்ததுதான். வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகளோடு பின்வாங்கும்போது சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்லி உத்தரவு. ஏற்றிக்கொண்டு வர வண்டி இல்லை. மருந்தும் கருவியும் இல்லாமல் நாம் எதற்கு என்று அவர்கள் விடவில்லை. எங்கோ கிடந்த நீராவி இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ரயில் ஓட்டத் தெரிந்த இரண்டு பேரை வைத்து, எல்லாச் சாமான்களோடும் தெற்கே வந்து சேர்ந்தார்கள்.