கேள்வி – பதில்: திரும்பி வருபவரின் கதை

கேள்வி: என் கணவர் இராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறார். நானும் பிள்ளைகளும் மாமியாருடன் ஊரில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகள் 'ஆர்மி வைவ்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துகிறாள். அந்த நாட்டுக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது?
– கம்மவான்பேட்டை வாசகி

பதில்: வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2007 முதல் 2013 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பான அத்தொடரின் களம், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஃபோர்ட் மார்ஷல் என்னும் படைமுகாம். அங்கே குடும்பங்கள் முகாமிலேயே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன; ஒருத்திக்குத் துயரம் என்றால் மற்றவர்கள் உடனே வந்து நிற்கிறார்கள். நம் பக்கத்திலோ, கணவர் எல்லைப் பணியில் இருக்கும் காலங்களில் மனைவி மாமியார் வீட்டிலோ தாய்வீட்டிலோ இருந்துகொண்டு, தன் கவலையை அடுப்படிக்கு வெளியே காட்டாமல் நாள்களைக் கடத்துகிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அத்தொடரில் நான் பெரிதும் மதிப்பது ஒரு தம்பதியின் கதையை. மனைவி ஜோன் இராணுவ அதிகாரி. கணவர் ரோலண்ட் மனநல மருத்துவர். ஆப்கானிஸ்தானிலிருந்து வீடு திரும்பும் ஜோனிடம் பழைய ஜோனைக் காண முடியவில்லை. பிறர் மனத்தை ஆற்றுவதையே தொழிலாகக் கொண்டவர், தம் மனைவியை நெருங்க வழி தெரியாமல் தவிக்கிறார். போர்த்தொடர் என்றாலே சாவுச் செய்தி வருவதும், கேட்டவள் மயங்கி விழுவதும் என்று பழகிப்போன நமக்கு, உயிரோடு திரும்பியவரை வீடு மறுபடி ஏற்றுக்கொள்வது எத்தனை கடினம் என்பதை அக்கதை உணர்த்துகிறது.

என் சித்தப்பா விடுப்பில் வரும்போது, ஹிம்சாகர் விரைவு வண்டியிலிருந்து அவரை அழைத்துவரக் காட்பாடி நிலையத்துக்குச் சிறுவனான நானும் போவேன். வெள்ளை வண்ணத்தில் பெயரும் படை எண்ணும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி முதலில் இறங்கும். பிறகு அவர் இறங்குவார். ஒருமுறை மூன்று வயது மகள் அவரை "மாமா" என்று அழைத்தாள். அவர் சிரித்தார், சித்தியால் சிரிக்க முடியவில்லை. விடியற்காலை நான்கரை மணிக்கே எழுந்து போர்வையைச் சதுரமாக மடித்து வைத்துவிடுவார். "விருந்தாளி மாதிரி மடிச்சு வெச்சிருக்கானே" என்று பாட்டி வருந்துவார் என்பதற்காக, சித்தி அதைப் பிரித்துக் கலைத்துப் போடுவார். விடுப்பு முடியும் வரை ஒவ்வொரு நாளும் இது நடந்தது. உங்களுக்கு இது புதிதாக இராது. மகளோடு அமர்ந்து பாருங்கள். அப்பா வீட்டில் இருக்கும் நாள்களைப் பற்றி அவள் உங்களிடம் கேட்காமல் வைத்திருக்கும் கேள்விகள் சில அப்போது வெளிவரக்கூடும்.

கேள்வி: நம் நாட்டில் இப்படிப்பட்ட தொடர் வந்ததில்லையா?
– ஆரணி வாசகர்

பதில்: தூர்தர்ஷனில் வந்த 'ஃபௌஜி' பலருக்கும் நினைவிருக்கும். ஷாருக்கானை நாடறியச் செய்த அதை இயக்கியவர் ஓய்வுபெற்ற கர்னல் ராஜ் கபூர். பயிற்சி முகாமின் ஒழுங்கும் நட்பும் அதில் நேர்த்தியாக அமைந்திருந்தன. ஆனால் அது இளம் வீரர்களின் கதை, ஊரில் காத்திருப்பவர்களின் கதையன்று.

கேள்வி: வேலூரை வைத்து ஒரு போர்த்தொடர் எடுப்பதானால் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியைத்தானே எடுக்க வேண்டும்?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: அந்த ஜூலை 10ஆம் நாள் கட்டாயம் படமாக்கப்பட வேண்டியதுதான். எனினும் என்னைக் கேட்டால், லாங் பஜார் மணிக்கூண்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர்நீத்ததாகவும் அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. காய்கறிப் பையோடு அதன் கீழே நடக்கும் நம்மில் எத்தனை பேர் அதை நின்று படித்திருக்கிறோம்? அந்த 14 வீடுகளின் துயரத்தையாவது அந்தக் கல்லைப் பார்த்து ஊகிக்கலாம். மற்ற 263 பேரும் இதே தெருக்களுக்குத் திரும்பி வந்து யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள், என்ன பேசினார்கள், எதைப் பேசாமலே விட்டார்கள் என்பதைத்தான் ஒரு நல்ல எழுத்தாளர் தேடி எழுத வேண்டும்.